மாமா கேட்ட பதினோரு கேம்

“நான் கேட்டது பதினொண்ணு யமுனா. பதினொண்ணே பதினொண்ணு. உன் புருஷன்—”

“கேட்டீங்கல்ல? அதைத்தானே நானும் மூணு நாளா—”

“என்னைப் பேச விடு. உன் புருஷன் அள்ளிக்கிட்டு வந்தது மூவாயிரம். மூவாயிரத்து எத்தனை மாப்ள?”

“மூவாயிரத்து இருநூத்திப் பதினாலு மாமா,” என்றான் தமிழ்மணி.

“பாரு, நம்பர் வேற மனப்பாடம்.”

“அவர் எண்ணலப்பா, கம்பெனி எண்ணியிருக்கு. அந்த நம்பரைப் போட்டுத்தான் ஆபீஸ் லேப்டாப்ல இதெல்லாம் எப்படி வந்துச்சுன்னு மெயில் அனுப்பியிருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. வேலை இருக்குமா போகுமான்னு தெரியல. நீங்க இங்க உட்கார்ந்து பதினொண்ணா மூவாயிரமான்னு—”

“வித்தியாசம் இல்லையா? ரெண்டு இட்லி வாங்கிட்டு வான்னா, கடையையே திருடிக்கிட்டு வந்து நின்னா?”

“திருடினாருன்னு சொல்லாதீங்கப்பா.”

“வேற என்னன்னு சொல்றது? நீயே ஒரு வார்த்தை எடுத்துக் கொடு.”

யமுனாவின் அம்மா பானுமதி சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே, “மெதுவாப் பேசுங்க, மாடிப்படிக்குக் கேக்குது,” என்றாள்.

“கேக்கட்டும்மா. கேக்காததா? நேத்து லிஃப்ட்ல அற்புதசாமி அங்கிள் என்கிட்டக் கேக்கறாரு, ‘மாப்பிள்ளை ஏதோ திருட்டு கேம் இறக்கி மாட்டிக்கிட்டாராமே’ன்னு. அவருக்கு யாரு சொன்னா? வாட்ச்மேனுக்கு யாரு சொன்னா?”

“வாக்கிங் போற இடத்துல நாலு பேர் பேசுவோம்,” என்றார் பாலு.

ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் ரோட்டில், இரண்டாவது மாடி வீட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை இப்படித்தான் விடிந்திருந்தது. பாலு பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்த வேலையோடு ஒன்பது வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வீடியோ கேம் கடையும் நடத்தினார். ரயில்வேயில் இருப்பவன் வியாபாரம் பண்ணக் கூடாது என்பதால் கடை பானுமதி பேரில் இருந்தது. வாசலில் ‘ஒரிஜினல் கேம்ஸ் மட்டும்’ என்று சிவப்பில் எழுதியிருந்தார். கடையை மூடி இருபத்து சொச்சம் வருஷம் ஆன பிறகும் அந்த வரியை அவர் மூடவில்லை. யார் கல்யாணத்துக்குப் போனாலும், “நான் கடை நடத்தினப்ப ஒரு டூப்ளிகேட் உள்ள விட்டதில்லை சார்,” என்று ஆரம்பித்துவிடுவார்.

மூணு மாசத்துக்கு முன்னால் தமிழ்மணிதான் அவரைப் புத்தூருக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, காவிரிப் பாலத்தின் மேல் காற்றில் அவர் கத்தினார்: “மாப்ள, அந்தப் பழைய கேமையெல்லாம் இப்ப வீட்லயே ஓட்டலாமாமே. நம்ம கடையில ஓடின பதினொண்ணையும் இன்னொரு தடவை பார்த்துட்டாப் போதும்!” பாலம் முடிந்து மாம்பழச்சாலை சிக்னல் வருவதற்குள் பதினொன்றின் பேரையும் சொல்லி முடித்திருந்தார்.

அந்தப் பேர்களில்தான் வினை. ஹெலிகாப்டர், மொட்டைத்தலை, காட்டுச் சண்டை, குண்டன், ரெண்டு தம்பி. சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பசங்கள் வைத்த பேர்கள். செய்தவர்கள் என்ன பேர் வைத்தார்கள் என்று கடையில் யாருக்கும் தெரியாது.

“பேர் தெரிஞ்சாத்தானே மாமா தேடறது?” என்றான் தமிழ்மணி இப்போது. சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டில் அவன் முழுசாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. “ஹெலிகாப்டர்னு தேடினா நாப்பது வருது. எது உங்களோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் மொத்தக் கட்டா இறக்கினேன். ஒவ்வொண்ணாத் திறந்து காட்டினேன், நீங்கதான் ‘இது இல்ல, இது இல்ல, ஆங், இதுதான்’னு...”

“வீட்டுல கம்ப்யூட்டர் இல்லையா? ஆபீஸ் லேப்டாப்லதான் இறக்கணுமா?”

“வீட்டுது கெட்டுக் கிடந்துச்சு மாமா. ஒரு வாரம் பொறுக்கலாம்னுதான் சொன்னேன். நீங்கதான் போன் பண்ணிப் பண்ணி...”

“எல்லாத்துக்கும் நான்தான்!”

“மீதியை அழிச்சிருக்கணும். அழிக்கல. அது என் தப்பு. எல்லாரும் இறக்கறதுதானேன்னு விட்டுட்டேன்.”

“எல்லாரும்னா யாரு மாப்ள? எல்லாரும் கிணத்துல விழுந்தா? நான் ஒன்பது வருஷம் கடை நடத்தினேன். எல்லாரும் டூப்ளிகேட் ஓட்டறான்னு நானும் ஓட்டினேனா?”

தமிழ்மணி தலையைக் குனிந்துகொண்டான். ஹாலின் மூலையில் அவன் ப்ளைவுட்டில் செய்து கொடுத்த கேம் மெஷின் நின்றது. ஆளுயரம். சிவப்பு நீலப் பட்டன்கள், கறுப்புப் பிடி. ரெண்டு மாசமாகத் தினம் மத்தியானம் சாப்பிட்டதும் பாலு அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நாலு மணிக் காப்பி வரை எழுந்திருக்க மாட்டார். வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து மெயில் வந்தது தெரிந்ததும் ஒரு பழைய போர்வையை எடுத்து அதன் தலையோடு கால் மூடிவிட்டார்.

“இப்ப நான் என்ன பண்ணணுங்கற?” என்றார் மகளிடம்.

“ஒரு லெட்டர். ‘என் மருமகனிடம் நான்தான் கேட்டேன், வீட்டில் பார்ப்பதற்காக’ன்னு. அப்புறம் பரண்ல இருக்கற, கடை மெஷின்ல மாட்டின உங்க பதினோரு கேம் போர்டும், அதோட பில்லும். இந்த கேமெல்லாம் நம்மகிட்ட ஏற்கனவே இருந்ததுன்னு காட்டினா கொஞ்சமாவது நம்புவாங்க.”

“போர்டைத் தொடக் கூடாது.”

“ஏன்?”

“ஏன்னா என்னோடது. லெட்டரும் கிடையாது. கடை என்னோடதுன்னு நான் கையெழுத்துப் போட்டா, ரயில்வேயில எவனாவது கிளறினா, என் பென்ஷனுக்கு நீ பதில் சொல்லுவியா?”

“ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சுப்பா!”

“அரசாங்கத்துக்கு ஆறு வருஷம்லாம் ஒரு கணக்கா?”

யமுனா செருப்பை மாட்டிக்கொண்டாள். “வாங்க,” என்றாள் புருஷனிடம், “வக்கீல்கிட்டயாவது கேட்டுட்டு வருவோம்.”

வக்கீல் பீமராவ் கீழ உத்திர வீதியில் இருந்தார். பானுமதியோடு காலேஜில் படித்தவர். முன்னறையில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உட்காருங்கோ. மெயிலைக் காட்டுங்கோ,” என்று வாங்கிப் படித்தார். படித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “எங்கேர்ந்து இறக்கினேள்?”

“ஒரு சைட் சார். இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள அழிச்சிட்டாத் தப்பில்லைன்னு அதுலயே போட்டிருந்தாங்க.”

“திருடன் வீட்டு வாசல்ல திருடனே எழுதி மாட்டின பலகை அது. அப்படிச் சட்டத்துல ஒரு வரியும் கிடையாது. சரி, அழிச்சேளா?”

“இல்ல சார்.”

“அந்தப் பலகையையும் மதிக்கலை.”

“ஆனா அந்த கேமைப் பண்ணின கம்பெனியெல்லாம் இப்ப இல்லவே இல்ல சார். எப்பவோ மூடிட்டாங்க. கடையில போய்க் காசு கொடுத்து வாங்கலாம்னாலும் கிடைக்காது.”

“கம்பெனி மூடினா உரிமையும் செத்துடுமா? எவனாவது வாங்கி வெச்சிண்டிருப்பான். வெளியான வருஷத்துலேர்ந்து அறுபது வருஷம் இருக்கு அதுக்கு. நீங்களும் நானும் போய்ச் சேர்ந்தப்புறமும் அது உயிரோட இருக்கும்.”

யமுனா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “சார், எங்ககிட்டப் போர்டே இருக்கு. அந்தக் காலத்துல ஒவ்வொரு கேமும் ஒரு பச்சைத் தகடா வரும், சிப்பெல்லாம் பதிச்சு. அதைத்தான் மெஷினுக்குள்ள மாட்டுவாங்க. அப்பா பில்லோட வாங்கினது, பரண்ல இருக்கு. நம்மகிட்ட இருக்கற கேமைத்தானே இறக்கினோம்? பதினொண்ணுக்காவது தப்பில்லைன்னு ஆகாதா?”

பீமராவ் டிபன் தட்டை ஒதுக்கி வைத்தார். “ஆகாது. ஆனா நீ கிட்ட வந்துட்டே. ஒரு புரோகிராம் முறையா உங்ககிட்ட இருந்தா, நாளைக்குக் கெட்டுப்போனா உதவட்டும்னு அதிலேர்ந்தே ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கச் சட்டத்துல இடம் இருக்கு. அதிலேர்ந்தே. நீங்களே. ஊர் பேர் தெரியாதவன் எடுத்துப் போட்டதை இறக்கிண்டு, ‘எங்காத்துப் பரண்லயும் இது ஒண்ணு இருக்கு’ன்னு சொன்னா, கேக்க நியாயமா இருக்கும். சட்டம் அப்படி எங்கயும் சொல்லலை.”

“அப்ப வேலை போயிடுமா சார்?” என்றாள் யமுனா. அவள் குரல் அப்போதுதான் முதல்முதலாக இறங்கியது. “இதே கம்பெனியில பதினோரு வருஷம் சார். டிஸ்மிஸ்னு எழுதி அனுப்பிட்டா வேற எவன் உள்ள விடுவான்?”

“அவசரப்படாதே. நாளைக்கு இவரை விசாரிக்கப் போறது கோர்ட் இல்லை. அவங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இந்த ஆள் இதை வெச்சுண்டு வியாபாரம் பண்றவனா, இல்லை வீட்டுல பெரியவர் கேட்டார்னு யோசிக்காமப் பண்ணின ஆசாமியா? ரெண்டாவதுன்னா திட்டிட்டு, எழுதி வாங்கிண்டு விட்டுடுவாங்க. அதனால ரெண்டு காகிதம் வேணும். மாமனார் ‘நான்தான் கேட்டேன்’னு எழுதின ஒண்ணு. போர்டு, பில்லு போட்டோ ஒண்ணு. முக்கியம் முதல்ல சொன்னது.”

“அப்பா பென்ஷன் போயிடும்கறாரு.”

“கடையைப் பத்தி அவர் எதுக்கு எழுதணும்? ‘கேட்டேன்’னு எழுதினாப் போதும். அதுக்கெல்லாம் எந்த ஊர்லயும் பென்ஷன் போகாது.”

தெருவுக்கு வந்ததும் யமுனா சர்ஃபராஸுக்குப் போன் பண்ணினாள். கடை இருந்தவரை போர்டுகளுக்கு ரிப்பேர் பார்த்தவர் அவர். இப்போது மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இன்வெர்ட்டர் சரிபண்ணுகிறார். போர்டு உயிரோடு இருந்தால் ஓடவிட்டுப் போட்டோ எடுத்தால் நன்றாக இருக்கும் என்பது அவள் யோசனை.

“தொழுதுட்டு வந்துடறேம்மா,” என்றார் அவர்.

வந்தார். தோளில் ஒரு பை, அதில் பவர் பெட்டியும் சின்ன ஸ்க்ரீனும் வயர்களும். அதற்குள் யமுனா ஏணி போட்டுப் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கியிருந்தாள். இறக்கும்போது பாலு ஏணியைப் பிடித்துக்கொண்டு, “வேணாம், சொன்னாக் கேளு, எலி இருக்கும்,” என்று மூன்று தடவை சொன்னார். சர்ஃபராஸைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“பாய், நீ எதுக்கு இந்த வெயில்ல? எல்லாம் செத்துப்போச்சு. குப்பை.”

“செத்துச்சா இல்லையான்னு பார்க்கத்தானே அண்ணே வந்திருக்கேன். அண்ணி, கொஞ்சம் தண்ணி கொடுங்க.”

பழைய பேப்பரில் சுற்றியிருந்த முதல் போர்டைப் பிரித்தாள் யமுனா. பிரித்துவிட்டு விரலால் தடவினாள். பெரிய சிப்புகளின் முதுகெல்லாம் வெளுத்துக் கீறலாக இருந்தது, உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி.

“ஏன் சர்ஃபராஸ் மாமா இப்படிச் சுரண்டியிருக்கு? நம்பரே தெரியலையே.”

சர்ஃபராஸ் தண்ணியைக் குடித்து முடித்தார். பாலுவைப் பார்த்தார்.

“சூட்டுல அழிஞ்சிருக்கும்,” என்றார் பாலு.

“சூட்டுலயா?” என்றார் சர்ஃபராஸ். “சரி.”

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பதினொன்றையும் தரையில் வரிசையாக வைத்தபோது, ஒன்றில்கூடச் செய்தவன் பேர் இல்லை. சர்ஃபராஸ் மூன்றை மாட்டிப் பார்த்தார், ஓடவில்லை. நாலாவது ஓடியது. ஸ்க்ரீனில் கோடு கோடாக வந்து, பிறகு மலை வந்தது, மலைக்குப் பின்னாலிருந்து ஹெலிகாப்டர் எழும்பியது.

“இதுதான்! இதுதான்!” என்றாள் யமுனா. எட்டு வயசுக்குரல் ஒன்று அவளையும் மீறி வந்துவிட்டது. “கல்லாவுக்குக் கீழ உட்கார்ந்து ஹோம் ஒர்க் எழுதுவேன். நிமிர்ந்தா இதுதான் தெரியும். ஹெலிகாப்டர் வரும், நிக்கும், கீழ காசு போடச் சொல்லி எழுத்து மின்னும். ஏங்க, போட்டோ எடுங்க, சீக்கிரம்.”

தமிழ்மணி போட்டோ எடுத்தான். எடுத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய் மூலையிலிருந்த மெஷினின் போர்வையை இழுத்துவிட்டு சுவிட்சைப் போட்டான். அதிலும் அதே ஹெலிகாப்டரைத் தேடி எடுத்தான். மலை வந்தது. ஹெலிகாப்டர் எழும்பியது. கீழே காசு போடச் சொல்லி எழுத்து மின்னியது. அதற்கும் கீழே, ஸ்க்ரீனின் ஓரத்தில் சின்னதாக ஒரு வரி: ஒரு கம்பெனியின் பேர், ஒரு வருஷம், உரிமை எங்களுக்கே என்று.

யமுனா ரெண்டு ஸ்க்ரீனையும் மாறி மாறிப் பார்த்தாள். “இந்த வரி நம்ம கடையில இல்லையே.”

பாலு கீழே கிடந்த போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

“இல்லவே இல்லப்பா. எனக்கு நல்லாத் தெரியும். அந்த இடம் கறுப்பா இருக்கும். இப்பவும் பாருங்க, கறுப்பாத்தான் இருக்கு.”

“இறக்கினதுல பேர் இருக்கு,” என்றான் தமிழ்மணி மெதுவாக. “காசு கொடுத்து வாங்கினதுல பேரை அழிச்சிருக்கு.”

“சர்ஃபராஸ் மாமா, என்ன இது?”

“என்னை ஏம்மா கேக்கற? அண்ணன் சொல்லுவாரு.”

“நீங்க சொல்லுங்க.”

சர்ஃபராஸ் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். “எல்லாம் காப்பிதாம்மா. அந்தக் காலத்துல திருச்சியில ஒரிஜினல் போர்டை யாரு கண்ணால பார்த்தா? ஒரிஜினல் ஒண்ணு வாங்கற காசுல இது எட்டு வாங்கலாம். வெளிநாட்டுல எவனோ சிப்பை அப்படியே நகல் எடுத்து, பேரை அழிச்சு, நம்பரைச் சுரண்டி, மெட்ராஸுக்கு அனுப்புவான். அங்கேருந்து நாங்க பஸ்ல மடியில வச்சு எடுத்துக்கிட்டு வருவோம். ஊர்ல எல்லாக் கடையிலயும் இதுதான் ஓடுச்சு.”

“வாசல்ல ஒரிஜினல்னு எழுதியிருந்ததே?”

“அது பெயின்ட்டருக்குக் காசு கொடுத்தா எழுதுவான்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“பில்லுல ‘ஒரிஜினல்’னு போட்டுக் கொடுன்னு அண்ணன்தான் மெட்ராஸ்ல வித்தவன்கிட்ட நின்னு எழுதி வாங்கினாரு. நான் பக்கத்துல இருந்தேன்.” அவர் பையின் ஜிப்பை இழுத்தார். “நான் பொய் சொல்ல வரலம்மா, போர்டு பார்க்கத்தான் வந்தேன். வரேன் அண்ணி. வரேன் அண்ணே.”

பாலு அவருக்குத் தலையாட்டவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகுதான் வாயைத் திறந்தார்.

“எல்லாரும் அதைத்தான் ஓட்டினாங்க.”

“எல்லாரும்னா யாருப்பா?” என்றாள் யமுனா.

“கிண்டலா?”

“இல்ல, நிஜமாக் கேக்கறேன். காலையில இவர் இதே வார்த்தையைச் சொன்னப்ப நீங்க கேட்டீங்களே, அதைத்தான் கேக்கறேன். மூணு நாளா இவரை இந்த வீட்லயும் மாடிப்படியிலயும் கார் நிக்கற இடத்துலயும் திருடன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே, அப்பல்லாம் பரண்ல இருக்கறது என்னன்னு உங்களுக்குத் தெரியும்.”

“அது வேற, இது வேற. நான் காசு கொடுத்தேன்.”

“யாருக்கு? பண்ணினவனுக்கா?”

“கொடுத்தேனா இல்லையா?”

“கொடுத்து, அதை வச்சு ஒன்பது வருஷம் சம்பாதிச்சீங்க. இவர் ஒரு பைசா வாங்கலையே! உங்களுக்குப் பொழுது போகட்டும்னு ப்ளைவுட் அறுத்தாரு, கையைக் கிழிச்சுக்கிட்டாரு!”

“சரி, விடு,” என்றார் பாலு திடீரென்று. குரல் தணிந்து, ஒர்க்‌ஷாப்பில் ஒரு காரியத்தை முடித்துக்கொடுக்கிற மனுஷனின் குரலாக மாறியிருந்தது. “ஆனது ஆச்சு. இப்ப காரியத்தைப் பார்ப்போம். நாளைக்கு அங்க உட்கார்ந்திருக்கறவனுக்கு போர்டைப் பத்தி என்ன தெரியும்? இருபத்தெட்டு வயசுப் பொண்ணு ஒண்ணு இருக்கும். அதுக்கு சிப்பு சுரண்டினது தெரியப் போகுதா? சுரண்டின பக்கம் தெரியாம தள்ளி நின்னு போட்டோ எடு. பில்லை வை. பில்லுல ஒரிஜினல்னு இருக்கு, சீல் இருக்கு. பில்லு பானு பேர்ல இருக்கு. ‘இவையெல்லாம் எனக்குச் சொந்தமான ஒரிஜினல் போர்டுகள்’னு அவ ஒரு லெட்டர் எழுதட்டும். முடிஞ்சுது. பானு, இங்க வா. பேப்பர் எடு.”

பானுமதி வரவில்லை.

“பானு!”

“காது கேக்குதுங்க.”

“கேட்டா வா. போர்டு உன் பேர்லதானே. நீ எழுதினாத்தான் செல்லும்.”

“காலையில தொடக் கூடாது, என்னோடதுன்னு சொன்னீங்க.”

“சட்டப்படி உன்னோடது.”

பானுமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் கிராஜுவேட். கடைக்கு லீஸ், கரண்ட் கனெக்‌ஷன், லைசென்ஸ், வருஷா வருஷம் புதுப்பிக்கிற மனு எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து இருந்தது. சமையலறைக்குக் காகிதம் வரும், அடுப்பை அணைத்துவிட்டுப் போடுவாள்.

“அந்தக் கடைக்குள்ள நான் மொத்தமா நாலு தடவை போயிருப்பேன்,” என்றாள். “கேட்ட இடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டேன். எதுல போடறேன்னு படிச்சதில்ல. இது படிக்காமலே தெரியுது. நான் போட மாட்டேன்.”

“மாப்பிள்ளை வேலை போகணும்னு ஆசையா உனக்கு?”

“மாப்பிள்ளை வேலைக்கு உங்களை வக்கீல் என்ன எழுதச் சொன்னாரு? யமுனா, நீயே சொல்லு.”

“அப்பா கேட்டார்னு. ‘வீட்டில் பார்ப்பதற்காக என் மருமகனிடம் நான்தான் கேட்டேன்.’ அவ்வளவுதான். கடையும் வேணாம், போர்டும் வேணாம். பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு பீமராவ் சாரே சொல்லிட்டாரு.”

“பீமராவுக்கென்ன, சொல்லுவான்.”

“எழுதுங்க,” என்றாள் பானுமதி. பேப்பரை அவர் முன்னால் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

பாலு பேப்பரைப் பார்த்தார். “நான் எப்ப கேட்டேன்?” என்றார்.

“என்னது?”

“ஸ்கூட்டர்ல போறப்ப ஏதோ பேச்சுவாக்குல சொன்னது. இப்படியெல்லாம் வருதாமேன்னு சொன்னேன். அது கேட்டதா? இறக்கிட்டு வாங்கன்னு சொன்னேனா? நாளைக்கு இந்தக் காகிதம் எவன் கைக்குப் போகும், எங்க எங்க சுத்தும், யாருக்குத் தெரியும்? அற்புதசாமி மச்சான் பையன் அதே கம்பெனியிலதான் இருக்கான். நான் இத்தனை நாள் பேசினதுக்கு, கடைசியில நானே சொல்லித்தான் பண்ணினாருன்னு ஆயிடுச்சுன்னா?”

“அதுதானேப்பா நடந்தது!”

“நீ குறுக்க பேசாதே. தமிழ்மணி, நீ சொல்லு. நான் உன்னைக் கேட்டேனா?”

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் மாப்பிள்ளையை நீ என்றார். பானுமதிதான் அதைக் கவனித்து நிமிர்ந்தாள். தமிழ்மணி கவனித்த மாதிரியே இல்லை. அவன் தரையில் மண்டியிட்டு போர்டுகளை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். மெஷினில் ஹெலிகாப்டர் மறுபடி எழும்பி வந்து நின்றது. யமுனா போய் சுவிட்சை அணைத்தாள்.

“போர்டு போட்டோ எதுவும் அனுப்பப் போறதில்ல மாமா,” என்றான் அவன். “ஒண்ணுல மாட்டினது போதும். நான் இறக்கினேன்னு நானே சொல்லிடறேன்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். உண்மையைச் சொல்லுங்க மாப்ள. உண்மைக்கு எப்பவும் மரியாதை இருக்கு,” என்றார் பாலு. பேனா உருளாமல் விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

தமிழ்மணி பெட்டியை மூடிவிட்டு எழுந்தான். முட்டியில் ஒட்டின தூசியைத் தட்டினான்.

“சொல்றேன் மாமா. ஆனா யாருக்காக இறக்கினேன்னு அவங்க கேட்டா, நான் என்ன சொல்லட்டும்?”